சிபி கண்ட ஏழாம் நம்பர்

அமரவிளையில் என் மைக் செட்டின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னவர்கள் பலர். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார், படுக்கையில் கிடக்கும் நோயாளிகள், ஒருமுறை போலீசும். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் நான் தொண்டை கிழியப் பேசிய பாஸ்கெட்பால் ஆட்டங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, ஒலியை மட்டும் அடியோடு அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் சிபி. இதில் கொடுமை என்னவென்றால், அவன் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன்.

என் பெயர் மனு. கல்யாணம், கோயில் திருவிழா, சபைக் கன்வென்ஷன், கட்சிக் கூட்டம், எதுவானாலும் மைக் செட் போடுவது என் தொழில். சனி, ஞாயிறு மாலைகளில் தனுவச்சபுரம் பக்கம் ஒரு பழைய சபை வளாகத்தின் சிமெண்ட் கோர்ட்டில் பெண்பிள்ளைகளின் பாஸ்கெட்பால் லீக் நடக்கிறது. அங்கே வர்ணனை நான்தான். கூலி கிடையாது, டீயும் பழம்பொரியும் உண்டு. என்னைப் பற்றி இவ்வளவு போதும். இது சிபியின் கதை.

சிபி ஆறடிக்கு மேல். பள்ளிக்கூடத்திலேயே நெட்டைதான். பாஸ்கெட்பாலுக்கு எங்கள் ஊரில் ஒரு சட்டம் உண்டு. நெட்டையன் கூடைக்கு அடியில் நிற்க வேண்டும், குட்டையன் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வேண்டும். அதன்படி சிபி கூடைக்கு அடியில் நின்றான். நின்றான் என்றால் நின்றான், அவ்வளவுதான். சாட மாட்டான், குதிக்கவே மாட்டான். யார்மேலாவது முழங்கை பட்டால் ஆட்டத்தை விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பான். ஆனால் பந்து எப்படியாவது அவன் கைக்கு வந்துவிட்டால், அடுத்து யார் எந்தப் பக்கம் ஓடப் போகிறான் என்பது அவனுக்கு மட்டும் தெரியும். ஓடுகிறவனுக்கே தெரியாது, இவனுக்குத் தெரியும். சரியாக அந்த இடத்துக்குப் பந்து போகும். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. இவ்வளவு உயரம் இருந்து என்ன பிரயோசனம் என்று பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெஞ்சிலும் அவன்தான் உயரம்.

தனுவச்சபுரத்துக் காலேஜில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்தான். பிறகு வளைகுடாவில் ஒரு பெரிய கடையின் கிடங்கில் சில வருஷம். ஊருக்குத் திரும்பி, அங்கன்வாடி டீச்சர் ஜீனாவைக் கட்டிக்கொண்டு, பாறசாலையில் ஒரு ரப்பர் கடையில் தரம் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்தான். ரப்பர் பாலை உறைய வைத்து, தட்டி, புகையில் உலர்த்திய ஷீட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பான். குமிழி இருக்கிறதா, புகை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பான். நாலாம் தரம், ஐந்தாம் தரம், கழிவான ஒட்டுப்பால் என்று அதனதன் இடத்தில் போடுவான். கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்க்க மாட்டான். இது அவனுக்குப் பிடிவாதமாகவே ஆகிவிட்டது.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையில் கிடக்கிற ஊர். களியக்காவிளை தாண்டிப் போனால் எங்களை மலையாளி என்பார்கள். திருவனந்தபுரம் போனால் தமிழன் என்பார்கள். பெயரைச் சொன்னால் போதும், எந்தச் சபை, எந்தக் குடும்பம், யாருக்கு மச்சான் என்று எதிரே நிற்பவன் கணக்கை முடித்துவிடுவான். ஆளை அதற்குமேல் பார்க்க மாட்டான். உயரத்தைப் பார்த்து இடம் கொடுப்பதும் பெயரைப் பார்த்து இடம் கொடுப்பதும் சிபிக்கு ஒரே அயோக்கியத்தனம்.

லேகா டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். எங்கள் ஊர் கிளப்பின் பெண்கள் டீமை நடத்துவது அவர்தான். ஒரு வருஷம் டீம் லீக்கில் கடைசி. அந்தச் சமயத்தில் வீட்டு ரப்பர் ஷீட்டை விற்க சிபியின் கடைக்குப் போனவர், ஷீட்டைத் தராசில் வைத்துவிட்டுப் புலம்பினார்.

"நெட்டைப் பிள்ளையளு மூணு உண்டு சிபி. மூணும் கூடைக்கு அடியிலதான் நிக்குது. எந்தப் பிரயோசனமும் இல்ல."

சிபி ஷீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். "டீச்சர், நான் ஷீட்ட நீளம் பாத்தா தரம் பிரிக்கேன்?"

டீச்சர் தராசில் கிடந்த ஷீட்டைப் பார்த்தார். பிறகு, "சரி, நீ பாத்துச் சொல்லு" என்றார்.

ஆட்டங்கள் முழுவதையும் வீடியோ எடுக்கிற வழக்கம் எங்களிடம் முன்பே உண்டு. கோர்ட்டை ஒட்டிய பலாமரத்தில் போனைக் கட்டி வைத்து நான்தான் எடுப்பேன். மூஞ்சி தெரியாது, முதுகில் நம்பர் நன்றாகத் தெரியும். டீச்சர் அதையெல்லாம் தருவதாகச் சொல்லிவிட்டு, பிள்ளைகளின் பெயரையும் எழுதித் தாறேன் என்றார்.

"பேரு வேண்டாம் டீச்சர். பேரு தெரிஞ்சா மனசு ஒரு பக்கமா சாயும். நம்பர் போதும்."

"மனு மைக்குல பேரு சொல்லுவானே மக்கா. வீடியோவுல அது கேக்குமே."

"அந்தப் பெகளத்த நான் அணைச்சு வெச்சிட்டுப் பாப்பேன்."

பெகளமாம்! என் வர்ணனைக்காக எதிர் டீம் பிள்ளைகளின் அம்மாமார் முறுக்கு கொண்டுவந்து தந்திருக்கிறார்கள். இவனுக்கு அது பெகளம்.

அதற்குப் பிறகு மதியச் சாப்பாடு முடிந்து கடையில் ஆள் குறைகிற நேரமெல்லாம் சிபி அந்த ஊமைப்படத்தைப் பார்த்தான். எங்கள் டீம் மட்டுமல்ல, லீக்கில் ஆடிய எல்லாப் பிள்ளைகளும் அவன் கணக்கில் வந்தார்கள். கூடையில் பட்டுத் திரும்புகிற பந்தை யார் பறிக்கிறாள், யார் கொடுத்த பந்தில் இன்னொருத்தி கூடை போடுகிறாள், தூரத்திலிருந்து எறிவது யார், எதிராளியை மறித்துப் பந்தைத் தட்டுவது யார், கைக்கு வந்ததைத் தொலைப்பது யார். ஒவ்வொன்றையும் எண்ணி, ஆடின நேரத்தால் வகுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றினான். ஒவ்வொரு பிள்ளையும் திரையில் ஒரு புள்ளி. ஒரே மாதிரி வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அப்படிக் கூடிய கூட்டங்களுக்கு அவனே பெயர் வைத்தான். பறிக்கிறவங்க, கொடுக்கிறவங்க, எறியிறவங்க, மறிக்கிறவங்க. உயரம் அந்தக் கணக்கில் எங்கேயும் கிடையாது.

எங்கள் டீமின் மிக உயரமான பிள்ளை கொடுக்கிறவர்களோடு போய் உட்கார்ந்திருந்தாள். குட்டையாக, தோள் அகன்று இருந்த ஒருத்தி பறிக்கிறவர்களின் நடுவில் இருந்தாள். டீச்சர் இரண்டு பேரையும் இடம் மாற்றினார். முதல் ஆட்டத்தில் பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் மைக்கில் ஒரு தமாஷ் சொன்னேன். அடுத்தடுத்து எங்கள் பிள்ளைகள் ஜெயிக்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது, என் தமாஷும் நின்றது. கொள்ளாம், நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. ஆனால் அதை நான் சிபியிடம் சொல்லவில்லை. என் சத்தத்தை அணைத்தவனிடம் நான் ஏன் சொல்ல வேண்டும்?

எந்தக் கூட்டத்திலும் சேராத புள்ளி ஒன்று மட்டும் உண்டு. எங்கள் டீமின் ஏழாம் நம்பர். பறிப்பதும் உண்டு, கொடுப்பதும் உண்டு, இரண்டும் ஓரளவு நன்றாக. நாலு கூட்டத்துக்கும் நடுவில் அந்தப் புள்ளி தனியாக நின்றது. சிபி ஆட்டம் ஆட்டமாகத் திருப்பிப் பார்த்தான். ஒரு நாள் பறிப்பதில் யாரும் பக்கத்தில் வர முடியாது, கொடுப்பது குறைவு. மறுநாள் நேர்மாறு. சிபி உருகிப் போனான். எதிர் டீமைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்கிற புத்தி இந்தப் பிள்ளைக்கு உண்டு, பள்ளிக்கூடத்தில் எனக்கு அது இருந்திருந்தால் என்று ஜீனாவிடம் சொல்லிச் சொல்லி ஆறினான். டீச்சரிடமும் சொன்னான். டீச்சர் சிரித்துக்கொண்டே, "பின்ன, நம்ம ஏழு எல்லாம் செய்யுமாக்கும்" என்றார். அதை அவன் மெச்சுதல் என்று எடுத்துக்கொண்டான்.

திருவனந்தபுரத்தில் ஒரு காலேஜின் பெண்கள் டீமுக்குக் கோச் ஒரு மேடம். லேகா டீச்சரோடு ஒரு காலத்தில் ஆடியவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் தரக்கூடிய இடம் அவரிடம் ஒன்று மிச்சம் இருந்தது. ஹாஸ்டலும் சாப்பாடும் காலேஜ் பொறுப்பு. டீச்சர் சிபியின் கணக்கை அப்படியே அவருக்கு அனுப்பினார். இரண்டு நாளில் மேடத்தின் போன் வந்தது. அவருக்கு வேண்டியது ஏழாம் நம்பர். எல்லாம் செய்யத் தெரிந்த ஒரு பிள்ளையை அவர் வருஷக்கணக்காகத் தேடுகிறாராம்.

அன்று நல்ல மழை. நானும் டீச்சரும் கடைக்குப் போனபோது சிபி ஒரு ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். டீச்சர் குடையை மடக்குவதற்கு முன்பே கேட்டார்.

"சிபி, மேடம் ஏழாம் நம்பர கேக்குறா. நீ எந்த ஏழ எழுதினே?"

"எந்த ஏழுன்னா? ஏழு ஒண்ணுதானே டீச்சர்."

"எலே, ரெஷ்மாவா அபிஷாவா?" என்றேன் நான்.

"அது யாரு ரெண்டு பேரு?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். விஷயம் இதுதான். டீமுக்கு ஜெர்சி தைக்கக் காசு கொடுத்த பேக்கரிக்காரர் ஒன்றைக் குறைத்துத் தைக்கச் சொல்லிவிட்டார். அபிஷாவுக்குச் சனிக்கிழமைகளில் சபையில் பாட்டுக்குழுப் பயிற்சி. ரெஷ்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நெய்யாற்றின்கரையில் என்ட்ரன்ஸ் கோச்சிங். அதனால் சனிக்கிழமை ஏழாம் நம்பர் ரெஷ்மா, ஞாயிற்றுக்கிழமை அபிஷா. இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே ஒல்லி, பின்னாலிருந்து பார்த்தால் நானே தடுமாறுவேன். துவைப்பது யார் என்பதில் மட்டும் அவர்களுக்குள் வாரா வாரம் சண்டை. ஊருக்கே தெரிந்த விஷயத்தை யார் யாரிடம் எடுத்துச் சொல்வது? சிபிக்கும் தெரியும், தெரிந்துதான் ஏழாம் நம்பரை நடுவில் வைத்திருக்கிறான் என்று டீச்சர் இதுவரை நினைத்திருந்தார்.

"நான் ஒவ்வொரு களிக்கும் மைக்குல சொன்னேன்லே, இன்னைக்கு ஏழு யாருன்னு. நீ காதப் பொத்திட்டு இருந்தா நான் என்ன செய்ய?"

சிபி ஷீட்டைக் கீழே வைத்தான்.

"ஒரே மெஷின்ல அடிச்ச ரெண்டு வீட்டு ஷீட்டாக்கும் இது" என்றான் மெதுவாக. மெஷின் இல்லாத வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டு மெஷினில் ஷீட் அடிப்பார்கள். வரி ஒரே மாதிரி விழும், பார்த்தால் ஒரே வீட்டுச் சரக்கு என்றுதான் தோன்றும். "நான் ஒரே வீடுன்னு எழுதிட்டேன். இல்லாத ஒரு பிள்ளைக்கு இடம் வாங்கிக் குடுத்திருக்கேன்."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மனதில் ஓடியது எனக்குத் தெரியும். ரெஷ்மா பிளஸ் ஒன். அபிஷாவுக்குப் பிளஸ் டூ முடியப் போகிறது. அவள் வீடு காரோடு என்ற ஊரில். அப்பாவுக்குக் கூலி வேலை, அதுவும் கிடைத்த நாள்தான். பரீட்சை முடிந்த மறுவாரமே அவளை ஒரு துணிக்கடைக்கு வேலைக்கு அனுப்புவதாக வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். இந்த இடம் கிடைத்தால் காலேஜ், கிடைக்காவிட்டால் துணிக்கடை. நடுவில் வேறு வழி கிடையாது.

"அபிஷாவ அனுப்பிருவோம்" என்றார் டீச்சர். "அவளும் ஏழுதானே? பொய் ஒண்ணும் இல்லியே."

"அங்க போன பெறவு மேடம் ஏழத் தேடுவா டீச்சர். இவள்ட்ட பாதிதான் இருக்கும். இவ தோத்துப் போனதா எழுதிருவாங்க. நான் மேடத்துக்கு உள்ளதச் சொல்லுவேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "சவமே, உன் நேர்மையக் கொண்டு ஒரு பிள்ளைக்க படிப்பத் தொலைக்காத" என்று கத்தினேன். வீட்டில் ஜீனாவும் அதையேதான் சொன்னாளாம். அவன் அசையவில்லை.

மறுநாள் மாலை இரண்டு பிள்ளைகளும் கடைக்கு வந்தார்கள். டீச்சர் சொல்லித்தான் இருக்க வேண்டும். ரெஷ்மா வாயாடி. "சார், எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒண்ணா ஆக்கிட்டீங்களாமே, அப்பம் அந்த ஒருத்திக்க சடை எங்கள்ல யாருக்கது?" என்று சிரித்தாள். அபிஷா சிரிக்கவில்லை. பேச்சு குறைந்த பிள்ளை அவள். ரப்பர் அடுக்கின் ஓரத்தில் நின்றுகொண்டு கேட்டாள்.

"சார், அந்தக் கணக்குல எனக்குள்ளது எது?"

அவள் கேட்டதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அது அவனை அப்படிக் குத்தியது. "பிரிச்சுத் தாறேன் மக்கா" என்றான்.

சனி ரெஷ்மா, ஞாயிறு அபிஷா என்று எளிதாகப் பிரித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தான். நடக்கவில்லை. ஸ்தோத்திரப் பண்டிகை வந்தால் நாள் மாறும், ஹர்த்தால் வந்தால் மாறும், கோச்சிங் லீவானால் ரெஷ்மா ஞாயிறும் வருவாள். யார் எந்த ஆட்டத்தில் ஆடினார்கள் என்பதற்கு நம்பத்தகுந்த சாட்சி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் குரல்.

அப்படித்தான் சிபி என் வர்ணனையைக் கேட்க ஆரம்பித்தான். முழு லீக்கையும், முதலிலிருந்து, சத்தத்தோடு. தெய்வம் ஒன்று உண்டு என்று நான் நம்பியது அந்த வாரத்தில்தான். நான் வேண்டுமென்றே கடைக்குப் போய் வாசலில் நிற்பேன். உள்ளே என் குரல் கேட்கும்: "காரோட்டுக் கடற்காற்று அபிஷா, இதோ பந்தை விடுகிறாள், பந்தா அது, புறா!" சிபி நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருப்பான்.

"எலே, நீ பேசுறதுல பாதி புளுகாக்கும்" என்றான் ஒரு நாள். "ஆனா பேரு ஒண்ணுகூட தப்பில்ல."

"மீதிப் பாதி?"

"அது பரவால்ல."

அவனிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்ப்பது பேராசை.

பிரித்து முடித்த அன்று எங்களைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான். நடுவில் நின்ற அந்த ஒற்றைப் புள்ளி இல்லை. ரெஷ்மா பறிக்கிறவர்களோடு போய்விட்டாள், அந்தக் கூட்டத்திலேயே எல்லோருக்கும் முன்னால். எதிர்ப் பக்கத்தில், கொடுக்கிறவர்களின் கூட்டத்துக்கும் அப்பால், ஒதுங்கி ஒரு புள்ளி. அபிஷா. அவள் கொடுத்த பந்தில் மற்றவர்கள் போட்ட கூடைகள் லீக்கில் வேறு யாருக்கும் அந்த அளவு இல்லை. கைக்கு வந்ததைத் தொலைத்ததோ மிகக் குறைவு. இரண்டு பேரையும் கலந்தபோது ஒருத்தியின் நிறைவை இன்னொருத்தியின் குறைவு தின்றுவிட்டிருந்தது. நல்ல ஷீட்டையும் வேறு வகை ஷீட்டையும் ஒன்றாகக் கட்டினால் கட்டுக்கு வருவது நடுத்தர விலைதானே என்றான் சிபி.

அங்கேயே மேடத்துக்குப் போன் போட்டான். நடந்தது முழுவதையும் மலையாளத்தில் சொன்னான். எதையும் மறைக்கவில்லை, சத்தத்தை அணைத்ததுகூட. பிறகு மேடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. பந்தைக் கொடுக்கிறவர்கள் தன்னிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள், தான் தேடியது எல்லாம் செய்கிற ஒருத்தியை. சனிக்கிழமை வேண்டுமானால் இரண்டு பேரையும் கூட்டி வாருங்கள், பார்க்கிறேன், எதையும் எதிர்பார்க்க வேண்டாம். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிபியை அடிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

பாட்டுக்குழுவை நடத்துகிற நேசமணி அண்ணன் முனகிக்கொண்டே அபிஷாவுக்கு ஒரு சனிக்கிழமை லீவு கொடுத்தார். டீச்சர், நான், சிபி, இரண்டு பிள்ளைகள், ஐந்து பேரும் பஸ்ஸில் திருவனந்தபுரம் போனோம். சிபிக்கு அதுதான் முதல்முறை. எங்கள் பிள்ளைகளின் ஆட்டத்தை அவன் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. முகத்தைப் பார்த்தால் மனசு சாயும் என்ற அதே சட்டம்.

அங்கே போய் இறங்கியதும் ஜெர்சிப் பிரச்சினை வந்தது. இருப்பது ஒரே ஏழு. ரெஷ்மா அபிஷாவிடம் நீட்டினாள், அபிஷா திருப்பித் தள்ளினாள். கடைசியில் ரெஷ்மா போட்டுக்கொண்டாள். அபிஷா நம்பர் இல்லாத ஒரு பழைய மஞ்சள் பனியனோடு கோர்ட்டுக்குள் போனாள். முதுகில் ஒன்றும் இல்லாத பிள்ளையை எப்படிக் கணக்கெடுப்பது என்று சிபிக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்ப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழி இல்லை.

மேடம் முதலில் இரண்டு பேரையும் எதிரெதிர் டீமில் போட்டார். ரெஷ்மா நன்றாக ஆடினாள். அபிஷா கொடுத்த பந்துகள் அந்தக் காலேஜ் பிள்ளைகளின் கையில் பட்டு வழுக்கின. அவள் அங்கே பந்தை விடுவாள் என்று அவர்கள் நினைக்கவில்லை. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது சிபி எழுந்து மேடத்தின் பக்கத்தில் போனான்.

"மேடம், ரெண்டு பேரையும் ஒரு பக்கம் போடுங்க. இவங்க இதுவரைக்கும் சேர்ந்து ஆடினதே இல்ல."

உண்மைதான். ஒரே ஜெர்சிக்குள் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் எப்படிக் கோர்ட்டில் நிற்க முடியும்? பயிற்சியில்கூட ஒருத்திக்கு மாற்று இன்னொருத்தி என்று எப்போதும் எதிரெதிராகத்தான் நிறுத்துவோம். இந்த எளிய விஷயம் டீச்சருக்கும் எனக்கும் அதுவரை தோன்றியதே இல்லை. மேடம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு விசில் ஊதினார்.

ரெஷ்மா கூடைக்கு அடியில் சாடிப் பந்தைப் பறித்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் விட்டாள். அங்கே அபிஷா இருந்தாள். அபிஷா அதைக் கையில் வைத்திருக்கவே இல்லை, வந்த வேகத்தில் ஓரத்தில் ஓடிய ஒருத்தியிடம் போய்விட்டது. கூடை. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதில் காலேஜ் பிள்ளைகளும் புரிந்துகொண்டு, அபிஷா பந்தை விடுவதற்கு முன்பே ஓட ஆரம்பித்தார்கள். எத்தனை வாரம் ஒரு ஜெர்சியைச் சண்டை போட்டுத் துவைத்திருக்கிறார்கள் அந்த இரண்டு பேரும்!

நான் கையில் மைக் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன். அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் கேட்டது.

"அபிஷா! இடது பக்கம் மக்கா, இடது பக்கம்!"

சிபி. எழுந்து நின்று, ஆறடி உடம்பும் குலுங்க, பெயர் சொல்லிக் கத்தினான். அவன் கண் நிறைந்திருந்தது. கணக்கா அது, மனசா என்று நான் கேட்கவில்லை. அபிஷா இடது பக்கம் பார்த்தாள். பந்து போனது. பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட ஒரு நெட்டைப் பையன் அன்று எழுந்து ஆடினான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மேடம் அபிஷாவைக் கூப்பிட்டார். பந்தைக் கொடுக்கிறவர்கள் என்னிடம் உண்டு, ஆனால் என் பிள்ளைகளை இப்படி ஓட வைத்தவர்கள் இல்லை என்றார். அந்த இடம் அவளுக்கு. பிறகு ரெஷ்மாவின் தோளைத் தட்டி, பிளஸ் டூ முடித்துவிட்டு நீ முதலில் இங்கே வா, வேறு எங்கும் போகாதே என்றார். வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அதை எல்லோரிடமும் சொல்லுகிறவரும் இல்லை அவர்.

திரும்பி வரும்போது அபிஷா போய்விடுவாளே என்று பாலராமபுரம் வரை ரெஷ்மா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அபிஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். பாலராமபுரம் தாண்டியதும் ரெஷ்மா மூக்கைத் துடைத்துவிட்டு, "போட்டு, இனி ஏழு முழுசா எனக்காக்கும். துவைக்கிறதும் நானே" என்றாள். அபிஷா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். டீச்சர் பையிலிருந்த ஆரஞ்சை எடுத்து சிபியின் கையில் வைத்தார்.

அபிஷா இப்போது திருவனந்தபுரத்தில் படிக்கிறாள். துணிக்கடையில் அந்த வேலைக்கு வேறு யாரோ சேர்ந்துவிட்டார்கள். சிபி இன்றைக்கும் வெளிச்சத்தில் ஷீட் பார்க்கிறான், இன்றைக்கும் பிள்ளைகளைப் புள்ளிகளாக்கிக் கூட்டம் பிரிக்கிறான். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு.

அபிஷா காலேஜுக்குப் போன வாரத்துச் சனிக்கிழமை, ஆட்டம் தொடங்கப் போகிற நேரத்தில் சிபி கோர்ட்டுக்கு வந்தான். ஜீனா பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். நேரே என் மைக் செட் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நான் கண்டுகொள்ளாத மாதிரி பேச ஆரம்பித்தேன். பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தேன். ஏழாம் நம்பரில் ரெஷ்மா என்று சொல்லும்போது அவன் என் முழங்கையைத் தட்டினான். வழக்கமான புகார்தான் என்று நினைத்து மைக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினேன்.

"எலே, சத்தம் காணாது" என்றான். "கொஞ்சம் கூட்டி வை."